புரோட்டோகால்: ‘நெறிமுறை’யில் இருக்கும் ‘முறை’

கிரேக்கத்தில் ‘புரோட்டோஸ்’ என்றால் முதல், ‘கொல்லா’ என்றால் பசை. பாப்பிரஸ் சுருளின் தொடக்கத்தில் ஒட்டிய முதல் தாள்தான் ‘புரோட்டோகொல்லொன்’. சுருளைப் பற்றிய விவரம் அதில் இருக்கும். லத்தீன், பிரெஞ்சு வழியாக வந்த இச்சொல், பிறகு அரசுகளுக்கிடையே நடக்கும் மரபு ஒழுங்குகளைக் குறித்தது. 1967இல் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில், கணினிகள் தமக்குள் பேசும் விதிகளைக் குறிக்க, கணினி வலையமைப்புக்கும் வந்துவிட்டது.

தமிழில் ‘நெறிமுறை’. அறம் சார்ந்த நடத்தைக்கும் இதே சொல் புழங்குகிறது; குழப்பம் வருமென்றால் ‘தொடர்பு நெறிமுறை’ என்று எழுதலாம். எனக்கு இந்தச் சொல் பிடிக்கக் காரணம் ‘முறை’. ஒழுங்கு என்பதோடு, ‘இப்போது உன் முறை’ என்கிறோமே, அந்தப் பொருளும் அதில் இருக்கிறது. நிகழ்நேரத் தரவுக்கு, அதாவது மாறிய உடனே வந்துசேர வேண்டிய தகவலுக்கு, நெறிமுறை தேடுபவர் முதலில் கேட்க வேண்டியதும் அதுதான்: பேசும் முறை யாருடையது?

வலைப்பக்கங்களைக் கொண்டுவரும் நெறிமுறையான எச்.டி.டி.பி.யில் உலாவி கேட்டால்தான் சர்வர் வாய் திறக்கும். ஆட்டத்தின் ஸ்கோர் மாறியது சர்வருக்குத் தெரியும், ஆனால் அதன் முறை வரவில்லை. அதனால் உலாவி ‘மாறிவிட்டதா, மாறிவிட்டதா’ என்று ஓயாமல் நச்சரிக்க வேண்டியிருக்கும்.

2011இல் இணையத் தரநிலையாக வெளிவந்த வெப்சாக்கெட் என்ற நெறிமுறை இந்த முறைவைப்பையே எடுத்துவிட்டது. தொடக்கம் சாதாரண எச்.டி.டி.பி. கோரிக்கைதான். அதற்கு சர்வர் 101 என்ற எண்ணை அனுப்பினால், ‘சரி, நெறிமுறையை மாற்றிக்கொள்வோம்’ என்று பொருள். அப்புறம் இரு பக்கமும் நினைத்தபோது பேசலாம். அரட்டைக்கும், பலர் சேர்ந்து ஒரே ஆவணத்தைத் திருத்துவதற்கும் இதுதான் சரி. ஆனால் இணைப்பு அறுந்தால் மறுபடி இணைக்கும் வேலை நம் தலையில் விழும்.

சர்வர் மட்டும் பேசினால் போதுமா? ஸ்கோர், பங்கு விலை, அறிவிப்பு எல்லாம் இந்த வகைதான். இவற்றுக்கு சர்வர்-சென்ட் ஈவென்ட்ஸ் என்ற வழி போதும். அறுந்தால் உலாவியே மீண்டும் இணைந்து, நிகழ்வுகளுக்கு எண் கொடுத்திருந்தால் கடைசியாக வந்த எண்ணையும் சொல்லும். இவ்வளவு எளிய வழி இருக்க, பழக்கத்தால் வெப்சாக்கெட்டைப் போடுவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

எம்.க்யூ.டி.டி. என்பது இன்னொரு நெறிமுறை. 1999இல், எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்கப் பிறந்தது. அதில் ஒரு செய்தியின் தொடக்கத்தில் வரும் தலைப்பகுதி குறைந்தபட்சம் 2 பைட்தான். முதல் பைட்டே செய்தியின் வகையைச் சொல்லிவிடும், அந்தப் பாப்பிரஸ் தாளைப் போல. இந்த நெறிமுறையில் செய்திகளை நடுவில் வாங்கிக் கொடுக்கும் புரோக்கரைத் ‘தரகர்’ என்றால் கமிஷன் வாங்குபவர்போல் தொனிக்கிறது. ‘செய்தி நடுவம்’ என்பது என் பரிந்துரை. சென்சார்கள் நிறைய இருந்தால் எம்.க்யூ.டி.டி.யைத் தேர்ந்தெடுக்கலாம். உலாவிக்குள் மட்டும் அது தனியாக வராது, வெப்சாக்கெட்டின் மேல் ஏறித்தான் வரும்.