மக்ரோனி என்னும் மினுக்கி

மக்ரோனி என்றதும் நமக்கு மளிகைக்கடைப் பொட்டலம்தான் நினைவுக்கு வரும். வெங்காயம், தக்காளி வதக்கி, உப்புமா கிளறுவதுபோல் கிளறி இறக்கிவிடுகிறோம். 1770களின் லண்டனில் அந்தச் சொல்லைக் கேட்டவர் கண்முன் ஓர் ஆள் வந்து நின்றிருப்பான். உடம்போடு ஒட்டிய குட்டையான மேற்சட்டை, கோபுரம்போல் எழும்பிய பொய்முடி, அதன் உச்சியில் எலுமிச்சம்பழம் வைத்தாற்போல் ஒரு குட்டித் தொப்பி, குஞ்சலம் கட்டிய நீளக் கைத்தடி, இடுப்பில் வாள், மார்பில் பூச்செண்டு. கேலிப்பட அச்சுக் கடைகளின் கண்ணாடிச் சன்னலில் அவனைத் தொங்கவிட்டால் போதும், வாசலில் கூட்டம் கூடிவிடும்.

சொல் இத்தாலியிலிருந்து வந்தது. அங்கே மாவுப் பண்டத்துக்கும் அதுதான் பெயர். மண்டு, மடையன் என்று திட்டவும் அதுதான் சொல். ஒவ்வொரு நாட்டு மக்களும் தாங்கள் விரும்பித் தின்பதன் பெயரையே கோமாளிக்கும் வைத்துவிடுகிறார்கள் என்று 1711இல் ஆங்கிலக் கட்டுரையாளர் ஜோசப் அடிசன் எழுதினார். ஹாலந்துக்காரர்களுக்கு உப்பில் ஊறிய மீன், பிரெஞ்சுக்காரர்களுக்கு சூப், இத்தாலியர்களுக்கு மக்ரோனி, ஆங்கிலேயர்களுக்கு புட்டிங். ‘தண்டச்சோறு’ என்று ஏசிப் பழகிய நமக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. இலத்தீனையும் இத்தாலிய வட்டார மொழியையும் கலந்து கட்டிய கேலிச் செய்யுளுக்கும் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதை நம் மணிப்பிரவாளத்துக்குக் குறும்புக்காரப் பங்காளி எனலாம்.

இங்கிலாந்தில் அது ஆளைக் குறிக்கத் தொடங்கியது வேறு வழியாக. பெரிய வீட்டுப் பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் பிரான்ஸ், இத்தாலி என்று ஊர்சுற்றிவிட்டு, அந்த ஊர்ச் சாப்பாட்டோடும் உடையோடும் திரும்பி வந்தார்கள். நீண்ட சுருள்முடியும் கையில் ஆட்களை நோட்டம் பார்க்கும் கண்ணாடியுமாகத் திரியும் இந்த இளைஞர்களின் ‘மக்ரோனி கிளப்’ பற்றி ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் 1764இல் ஒரு கடிதத்தில் குறிப்பிடுகிறார்.

அந்தப் பெயரை ஊர் முழுக்கப் பரப்பியவர்கள் கேலிப்படம் அச்சிட்டு விற்ற மேத்யூ டார்லி, மேரி டார்லி தம்பதி. லண்டன் ஸ்ட்ராண்ட் தெருவில் 39ஆம் எண் கடை அவர்களுடையது. 1771 முதல் 1773 வரை மக்ரோனிப் படங்களாகவே வெளியிட்டுத் தள்ளினார்கள். கடைக்கே மக்ரோனி அச்சுக்கடை என்று பெயர் வந்துவிட்டது. பிரபுவின் மகனோடு அவர்கள் நிற்கவில்லை. குதிரைப்பந்தய மக்ரோனி, தாவரவியல் மக்ரோனி, கொத்தனார் மக்ரோனி என்று தொழிலுக்கு ஒருவனைப் பிடித்தார்கள். கேப்டன் குக்குடன் கடல் சுற்றித் திரும்பிய தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் 1772இல் ‘பூச்சி பிடிக்கும் மக்ரோனி’ ஆனார். இரண்டு பூமி உருண்டைகள்மேல் காலுக்கு ஒன்றாக நின்றுகொண்டு, ஒரு வண்ணத்துப்பூச்சியை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறார். உலகம் சுற்றியது இதற்குத்தானா என்ற கேள்வியைப் படமே கேட்டுவிடுகிறது.

எனக்குப் பிடித்தது 1774இல் வந்த வேறொரு படம். நாட்டுப்புற உழவர் ஒருவர் பட்டணத்துக்கு மகனைப் பார்க்க வந்திருக்கிறார். எதிரே கொண்டையும் குட்டித் தொப்பியுமாக ஓர் உருவம். ‘இதுவா என் மகன் டாம்?’ என்பதுதான் படத்தின் தலைப்பு. ‘ஒய்யாரக் கொண்டையாம் தாழம்பூவாம், உள்ளே இருப்பது ஈரும் பேனுமாம்’ என்று சொன்ன நம்மூர்க் கிழவிக்கு அந்த அப்பாவின் முகம் உடனே புரிந்திருக்கும்.

இந்த மக்ரோனி ஆளைத் தமிழில் என்ன சொல்வது? எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ‘மைனர்’. அதுவும் தடம் மாறிய சொல்தான். வயதுவராத ஜமீன் வாரிசைக் குறித்த ஆங்கிலச் சட்டச்சொல், இங்கே சங்கிலியும் சில்க் ஜிப்பாவுமாகத் திரியும் ஊதாரி ஆகிவிட்டது. ஆனால் மைனர்மீது ஊர் சொல்லும் குற்றம் பெண் பித்து. மக்ரோனிமீது சொன்ன குற்றம் நேர்மாறானது. 1770இல் ‘ஆக்ஸ்போர்டு மேகசின்’ இவனை ஆணுமல்லாத பெண்ணுமல்லாத ஒரு விலங்கு என்றது. ‘அது’ பொருளில்லாமல் பேசுகிறது, பசியில்லாமல் தின்கிறது என்று அஃறிணையிலேயே அடுக்கிக்கொண்டு போனது. கேலியின் முள் அங்கேதான் இருக்கிறது. இன்று படித்தால் கொஞ்சம் அருவருப்பாகவும் இருக்கிறது.

‘ஒய்யாரன்’, ‘பகட்டன்’ என்றெல்லாம் ஆக்கலாம். ஆனால் அந்த ‘-அன்’ விகுதி அவனை ஆண்பாலில் பத்திரமாக உட்கார வைத்துவிடுகிறது. என் தேர்வு ‘மினுக்கி’. நாடோடி, சோம்பேறி போல இகரத்தில் முடிவதால் இலக்கணத்தில் இருபாலுக்கும் பொது. வழக்கிலோ பெண்ணை ஏசும் சொல். அதை ஓர் ஆண்மீது எறியும்போது லண்டன்காரன் எறிந்த அதே கல் விழுகிறது.

சொல்லின் கதையைச் சொல்லும் இடத்தில் ‘மக்ரோனி’ என்றே விட்டுவிடலாம். படங்களின் தலைப்பைத் தமிழாக்கும்போது மட்டும் ‘மக்ரோனிக் கொத்தனார்’ என்றால் சமையலறை வாசனை அடிக்கும். ‘மினுக்கிக் கொத்தனார்’ என்று போட்டால், கொத்துக்கரண்டியும் பொய்முடியுமாக ஆள் வந்து நின்றுவிடுவான்.