வெக்டரும் காவடியும்

காசிமேட்டில் கடலுக்குப் போகிறவரிடம் "காத்து எப்படிண்ணா?" என்று கேட்டால், "வாடை இன்னிக்குத் தூக்கலா இருக்கு" என்பார். வடக்கிலிருந்து வருகிறது, பலமாகவும் வருகிறது. திசையும் அளவும் ஒரே மூச்சில் வந்துவிட்டன. வெக்டர் என்பது இதுதான். அவரே படகில் ஏற்றும் ஐஸ் ஐம்பது கிலோ என்றால் அதோடு சரி. எந்தப் பக்கமாக ஐம்பது கிலோ என்று யாரும் கேட்பதில்லை. அது ஸ்கேலார். (வாடைக்குப் படம் போடும்போது அம்புக்குறி தெற்கே பார்க்க வேண்டும். காற்றுக்குப் பெயர் வைப்பது அது வரும் திசையால், அம்பு போடுவது போகும் திசைக்கு. என் டியூஷன் பிள்ளைகள் பாதிப் பேர் இங்கே வழுக்குவார்கள்.)

வெக்டர் என்ற லத்தீன் சொல்லுக்குச் 'சுமந்து செல்பவர்' என்று பொருள். 'வெஹெரே' என்றால் சுமத்தல். நாம் வண்டியை 'வெஹிக்கிள்' என்பதும் அதே வேரிலிருந்துதான். டெங்குக் கொசுவை மருத்துவர்கள் வெக்டர் என்பது அது நோயைச் சுமந்து வருவதால். ஸ்கேலாருக்கு மூலம் 'ஸ்காலா', அதாவது ஏணி. இவ்விரண்டையும் 1840களில் கணிதத்தில் இன்றைய ஜோடியாக்கியவர் அயர்லாந்துக்காரர் வில்லியம் ரோவன் ஹாமில்டன்.

இலங்கைப் பாடநூல்களில் வெக்டர் 'காவி', ஸ்கேலார் 'எண்ணி'. காவுதல் என்றால் தோளில் சுமத்தல். ஆடிக்கிருத்திகைக்குக் காவடி எடுக்கும் தெருக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். லத்தீன் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் கிடையாது. ஆனால் இங்கே காவி என்றால் நிறம்தான் நினைவுக்கு வரும். அதனால் வகுப்பில் நான் சொல்வது 'திசையன்', ஸ்கேலாருக்குத் 'திசையிலி'. பெயரைக் கேட்டாலே பாதிப் பாடம் புரிந்துவிடுகிறது.

வெலாசிட்டிக்கு (திசையையும் சேர்த்துச் சொல்லும் வேகம்) மூலமான 'வேலாக்ஸ்' வெறுமனே 'விரைவான' என்றுதான் சொல்கிறது. அதில் திசை இல்லை, இயற்பியலார் பிறகு சேர்த்தது. நம் 'திசைவேகம்' அதைப் பெயரிலேயே வைத்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை: நமக்கு வேகம் என்றால் ஸ்பீடு. இலங்கை நூல்களில் வேகம்தான் வெலாசிட்டி, ஸ்பீடுக்குக் 'கதி'. இணையத்தில் கிடைக்கும் ஈழத்துக் குறிப்புகளை வைத்துப் படிப்பவர்கள் இதைக் கவனிக்காவிட்டால் விடை மாறிப்போகும்.

ராயபுரத்தில் பஸ் ஏறித் திருவொற்றியூர் போய், அதே நிறுத்தத்துக்குத் திரும்பி வந்தால் இடப்பெயர்ச்சி (புறப்பட்ட இடத்திலிருந்து சேர்ந்த இடம் எவ்வளவு தூரம், எந்தத் திசையில் என்பது) சுழி. அதை நேரத்தால் வகுத்து வரும் சராசரித் திசைவேகமும் சுழி. "டிராஃபிக்ல நின்னு வேர்த்தது எல்லாம் கணக்குல வராதா சார்?" என்று ஒரு பையன் கேட்டான். சராசரி வேகத்தில் வரும்ப்பா: கடந்த மொத்தத் தொலைவை, வேர்த்து நின்ற நேரமும் சேர்ந்த மொத்த நேரத்தால் வகுக்க வேண்டும். டிக்கெட் காசும் திசையிலிதான். போனதையும் வந்ததையும் கூட்டித்தான் கொடுத்தாக வேண்டும்.