மூளையில் ரத்தக்கசிவு: எந்தக் கவுன்டரில் போய் நிற்பது?

“மூளையில் ரத்தக்கசிவு, உடனே ஆபரேஷன் பண்ணணும்” என்று டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் பில் கவுன்டரில் அட்வான்ஸ் கேட்டுவிடுவார்கள். அந்தப் பதற்றத்தில் நகையை அடகு வைக்க ஓடியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதில் பலர் பணமே கட்ட வேண்டியிராதவர்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு இரண்டு திட்டங்கள் உண்டு. எது உங்களுக்குப் பொருந்தும் என்பது கசிவு எதனால் வந்தது என்பதைப் பொறுத்தது.

சாலை விபத்தில் தலையில் அடிபட்டால் மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவிலோ, உறைக்கு அடியிலோ ரத்தம் கட்டும். இதற்கு ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’. 2021 டிசம்பரில் தொடங்கியது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவு, ஒரு வரம்பு வரை, அரசுடையது. இதற்கு வருமானச் சான்று வேண்டாம், காப்பீட்டு அட்டை வேண்டாம், வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. “அட்டை எடுத்துட்டு வாங்க” என்று திருப்பி அனுப்பினால் நகராதீர்கள். திட்டத்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். ஒன்று, அந்த மருத்துவமனை திட்டப் பட்டியலில் இருக்க வேண்டும். 108-ல் ஏறும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.

பைக்கோடு விழுந்து கிடந்தவரைத் தூக்கி வந்தால், எங்கே, எப்படிக் கிடந்தார் என்பதை நேரில் பார்த்தவரே டாக்டரிடம் சொல்லட்டும். ஏ.ஆர். எனப்படும் மருத்துவமனையின் விபத்துப் பதிவில் வெறுமனே ‘கீழே விழுந்தார்’ என்று எழுதிவிட்டால் அதைத் திருத்துவதற்குள் நாக்குத் தள்ளிவிடும்.

மாடிப்படியிலோ குளியலறையிலோ வழுக்கி விழுந்தது சாலை விபத்தில் சேராது. ரத்தக் கொதிப்பால் மூளைக்குள் குழாய் வெடிப்பதும், குழாயில் இருந்த புடைப்பு உடைந்து மூளையைச் சுற்றி ரத்தம் பரவுவதும் சேராது. இவற்றுக்கெல்லாம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடுதான்: குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால்.

அலைக்கழிப்பு முழுக்க இங்கேதான். நோயாளி பெயர் ரேஷன் கார்டில் இருக்க வேண்டும். கல்யாணமாகிப் பிறந்த வீட்டுக் கார்டில் பெயர் நீக்கி, புகுந்த வீட்டுக் கார்டில் இன்னும் சேர்க்காத பெண்கள் எந்தப் பக்கமும் இல்லாமல் நிற்கிறார்கள். காப்பீட்டு அட்டை இல்லையென்றால் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, பிறகு கலெக்டர் ஆபீஸில் உள்ள பதிவு மையம். ஐ.சி.யூ. வாசலில் இருப்பவரை இத்தனை இடத்துக்கு ஓடவிடுவது யாருக்குத்தான் தோன்றியதோ! ஆகவே வீட்டில் பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால் இந்த வாரமே அட்டையை எடுத்துவிடுங்கள்.

மருத்துவமனை பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. மூளை அறுவைக்கு அங்கே அனுமதி உண்டா என்று 1800 425 3993-ல் கேளுங்கள். இது பணமில்லாச் சிகிச்சை. “இப்போ கட்டுங்க, பிறகு வாங்கித் தர்றோம்” என்ற பேச்சை நம்பிப் பணம் கட்டினால் திரும்பப் பெறுவது பெரும்பாடு.

விபத்துக் கேஸில் இரண்டாம் நாள் காலையிலேயே “48 மணி நேரம் முடிஞ்சதும் என்ன?” என்று கேட்டுவிடுங்கள். காப்பீட்டு அட்டை இருந்தால் அங்கேயே தொடரலாம். இல்லையென்றால், உடல்நிலை தாங்குமளவுக்கு வந்ததும் அரசு மருத்துவமனைக்கு மாற்றச் சொல்லுங்கள். கேட்காமல் விட்டால் மூன்றாம் நாள் பில் உங்கள் கைக்கு வரும்.

வயதானவர்களுக்குச் சின்ன அடிகூட உறைக்கு அடியில் மெல்லக் கசிந்து, சில வாரம் கழித்துத் தள்ளாட்டமாகவோ குழப்பமாகவோ தெரியலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அதற்குள் அந்த 48 மணி நேரம் எப்போதோ முடிந்திருக்கும். அவர்களுக்குக் காப்பீட்டு அட்டைதான் கைகொடுக்கும்.