கத்தியைப் பிடுங்கக் கற்றுத் தருவீர்களா?

பிலிப்பைன்ஸ் தற்காப்புக் கலையான அர்னிஸில் சேர வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் நாளே கேட்கும் கேள்வி இது. மொபைலில் பார்த்த வீடியோவில் ஒருவர் கத்தியோடு பாய்வார், இன்னொருவர் இரண்டே நொடியில் அதைப் பறித்துவிடுவார். அந்த நம்பிக்கையோடு வருகிறார்கள்.

நான் வாயால் மட்டும் பதில் சொல்வதில்லை. வெள்ளை டி-ஷர்ட் போட்டுவரச் சொல்லி, எதிரில் நிற்பவர் கையில் கத்திக்குப் பதில் சிவப்பு மார்க்கர் பேனாவைக் கொடுப்பேன். போன மாதம் வந்த தம்பி ஜிம்மில் ஏற்றிய உடம்புக்காரர். ஒரே நிமிடத்தில் பேனாவைப் பிடுங்கியும் விட்டார். ஆனால் முன்கையின் உட்புறம் ஏழு கோடு, வயிற்றில் மூன்று, கழுத்தோரம் ஒன்று. அந்தக் கழுத்துக் கோட்டைக் கண்ணாடியில் பார்த்தவர் வெகுநேரம் பேசவே இல்லை. ஓட வழியிருந்தால் ஓடிவிடுங்கள் என்று நான் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

பிலிப்பைன்ஸ் 2009-இல் சட்டம் போட்டுத் தன் தேசியத் தற்காப்புக் கலையாகவும் விளையாட்டாகவும் அறிவித்தது அர்னிஸைத்தான். அந்நாட்டின் செபு பக்கம் இதையே எஸ்கிரிமா என்பார்கள். வாள்வீச்சைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்த பெயர். அமெரிக்காவில் காலி என்ற பெயர் பிரபலம். அதை நம் காளியம்மனோடு முடிச்சுப் போட்டுக் கதை சொல்பவர்களை நம்பாதீர்கள்.

மற்ற பல கலைகளில் வெறுங்கை முதலில், ஆயுதம் பிறகு. இங்கே தலைகீழ். முதல் நாளே சுமார் 28 அங்குலப் பிரம்பு கைக்கு வந்துவிடும். அடி வரும் கோணங்களுக்கு எண் வைத்திருக்கிறார்கள், பல மரபுகளில் 12. அதே கோணத்தில் கத்தி வந்தாலும் கை வந்தாலும் பதில் ஒன்றுதான். இரட்டைப் பிரம்புப் பயிற்சிக்கு சினவாலி என்று பெயர். அந்த ஊர் மூங்கில் தட்டியின் பின்னலிலிருந்து வந்தது. ஒரு கை மேலே போக மறு கை கீழே வரும்போது உண்மையிலேயே தட்டி முடைவது போலத்தான் இருக்கும். ஓங்கி அடித்துக்கொண்டே இருந்தால் பிரம்பிலிருந்து லேசாகத் தீய்ந்த வாசனை வரும். எனக்கு அது பிடிக்கும்.

ஆனால் இந்தக் கலையில் குறிவைப்பது எதிராளியின் பிரம்பை அல்ல, அதைப் பிடித்திருக்கும் கையை. பாம்பின் பல்லைப் பிடுங்குவது என்பார்கள் ஆசான்கள். பழைய முறையில் பயிற்சியிலேயே கையை அடித்தார்கள். விரல் வீங்கி, பலர் பாதியில் நின்றுபோனார்கள். பிலிப்பைன்ஸ் ஆசான் ரெமி பிரேசாஸ், தான் உருவாக்கிய நவீன அர்னிஸ் முறையில் கைக்குப் பதில் கம்பைக் கம்பால் அடிக்க வைத்தார். நல்ல மாற்றம்தான். ஆனால் இன்று கற்பவர்கள் இது பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு என்பதையே மறந்துவிடுகிறார்கள். கையை அடித்து, விலகி நிற்பதுதான் பாடம். பிடுங்குவது, வாய்ப்புத் தானாக அமைந்தால் மட்டும்.

புதியவர்கள் கமகோங் கம்பு வாங்க வேண்டாம். கருங்காலி போலக் கனத்த மரம் அது, விரலில் பட்டால் எலும்பு தாங்காது. பிரம்பு அடிபட்டால் நார் நாராகப் பிரியும், கூராக முறிந்து தெறிப்பது அரிது. ஆனாலும் நார் கண்ணுக்கு ஆபத்துதான். பிரியத் தொடங்கியதும் டேப் சுற்றுங்கள். ஜோடிப் பயிற்சிக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். அது இல்லாமல் வருகிறவரை ஓரமாக உட்கார்ந்து பார்க்கச் சொல்வேன். கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.