டைமிங் பெல்ட்: 34,000 கிலோமீட்டரிலேயே நின்றுபோன வண்டி

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனர் மாட்டும் பலகையின் ஓரத்தில் ஒரு பழைய டைமிங் பெல்ட் தொங்குகிறது. எஞ்சினில் பிஸ்டனையும் வால்வையும் ஒரே கணக்கில் ஓடவைக்கும் பல் வைத்த ரப்பர் பட்டை அது. வெளிப்பக்கத்தைப் பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும். முதுகில் அச்சடித்த எழுத்துகூட அழியவில்லை. திருப்பி உள்பக்கம் பார்த்தால்தான் ஓரிடத்தில் வரிசையாக ஒன்பது பல் இல்லாதது தெரியும். சீப்பில் பல் உதிர்ந்த மாதிரி வழித்துக்கொண்டு போயிருக்கும்.

அந்த பெல்ட்டைப் பார்த்து "நல்லா இருக்கு சார், இப்போதைக்கு மாத்த வேணாம்" என்று சொன்னது நான்தான்.

வண்டி ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியருடையது. 2013 மாடல் டீசல் கார். 2021-இல் சர்வீஸுக்கு வந்தபோது எட்டு வருஷத்துக்கும் சேர்த்து 34,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. கொரோனா நாட்களில் பெரும்பாலும் ஷெட்டிலேயே நின்ற வண்டி. அவர் விவரமான ஆள். சர்வீஸ் புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்து, "கிலோமீட்டர் இல்லாட்டி வருஷக் கணக்குன்னு போட்டிருக்கானே தம்பி, பெல்ட் மாத்தணுமா?" என்று கேட்டார். மேல் கவரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். வெடிப்பு இல்லை, ஆயில் படியவில்லை, ஓரம் பிசிறவில்லை. அவருக்குச் செலவை மிச்சப்படுத்திய பெருமையோடு அனுப்பிவைத்தேன்.

ஐந்து மாதம் கழித்து விடிகாலை ஐந்தரை மணிக்கு போன் வந்தது. குடும்பத்தோடு மதுரைக்குக் கல்யாணத்துக்குப் போகிறவர், துவரங்குறிச்சி தாண்டி நிற்கிறார். "ஓடிக்கிட்டே இருந்த வண்டி தம்பி, ஃபேன் சுவிட்சை அணைச்ச மாதிரி நின்னுபோச்சு." போனை காதில் வைத்துக்கொண்டே மறுபடி செல்ஃப் அடித்தார். நல்ல எஞ்சினில் செல்ஃப் அடித்தால் 'உர்ர்... உர்ர்... உர்ர்' என்று மூச்சு விட்டு விட்டுச் சுற்றும். பிஸ்டன் காற்றை அழுத்தும்போது அது எதிர்ப்பதால், அதாவது கம்ப்ரஷனால், வரும் தாளம் அது. எனக்குக் கேட்டதோ மிக்ஸியைக் காலியாக ஓட்டிய மாதிரி 'விர்ர்ர்ர்' என்று ஒரே சத்தம். "சார், சாவியை எடுத்துடுங்க. இனிமே தொடாதீங்க" என்றேன்.

எஞ்சினின் மேல் பாகமான ஹெட்டை இறக்கிப் பார்த்தபோது எட்டு வால்வில் ஆறு வளைந்திருந்தது. பிஸ்டன் தலையில் வால்வு குத்திய தடம் பிறைநிலா மாதிரி பதிந்திருந்தது. அந்த வேலைக்கு நான் கூலி வாங்கவில்லை. சாமான் செலவை அவர் ஏற்றுக்கொண்டார். இன்றும் என்னிடம்தான் வருகிறார். அது அவருடைய பெருந்தன்மை.

எங்கே தப்பு செய்தேன் என்றால், கண்ணை நம்பினேன். நான் தொழில் படித்த காலத்து பெல்ட்டுகள் வயசானால் முதுகில் வெடிப்பு விடும். பெரிய மெக்கானிக் அதைத் திருகிப் பார்த்து, வெடிப்பு தெரிந்தால் மாற்றச் சொல்வார். இப்போது வரும் ரப்பர் வேறு. சூட்டைத் தாங்கும், சுலபத்தில் வெடிப்பு காட்டாது. உள்ளே இழுவையைத் தாங்குவது கண்ணாடி இழை நூல். பல்லின் அடிவேர் களைத்துப்போவதோ நூல் ஒவ்வொன்றாக அறுவதோ டார்ச் வெளிச்சத்தில் தெரியாது. இதில் திருகிப் பார்ப்பது இன்னும் மோசம். கண்ணாடி நூலை மடக்கினால் முறியும், நல்லாயிருந்த பெல்ட்டையும் நாமே கெடுத்தவர்களாவோம். புது பெல்ட்டையே யாராவது மடித்துப் பாக்கெட்டில் போட்டுக் கொண்டுவந்தால் நான் வாங்குவதில்லை.

பெல்ட் செய்கிற வேலையைச் சொன்னால் ஏன் இவ்வளவு பயம் என்று புரியும். கீழே பிஸ்டனோடு சேர்ந்த தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், மேலே வால்வைத் திறக்கும் தண்டான கேம் சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்கைப் பிடித்துவைத்திருப்பது இந்த ரப்பர் பட்டைதான். மீட்டரில் 2,400 ஆர்பிஎம் காட்டினால் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 20 தடவை திறந்து மூடுகிறது. பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு விலகியிருக்க வேண்டும். சில பழைய பெட்ரோல் எஞ்சின்களில் இடைவெளி தாராளம், பெல்ட் போனாலும் வண்டி நிற்குமே தவிர உள்ளே சேதம் வராது. டீசலில் கம்ப்ரஷன் அதிகம் என்பதால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இடமே கிடையாது. பெல்ட் அறுந்தாலோ பல் வரிசையாக உதிர்ந்தாலோ அடுத்த சுற்றுக்குள்ளேயே முட்டும்.

அதற்கு முன்னால் சத்தமோ விளக்கோ ஏதாவது காட்டாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெல்ட் காட்டாது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் பேரிங் தேய்ந்தால் எஞ்சின் முன்பக்கம் ஊளைச் சத்தம் வரலாம். ஒன்றிரண்டு பல் மட்டும் நழுவியிருந்தால் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், இழுவை இருக்காது, புகை கூடும். இந்த அறிகுறியோடு உள்ளே வந்த வண்டிகள் என் கணக்கில் குறைவு. பெரும்பாலானவை ரெக்கவரி வண்டியில்தான் வந்திருக்கின்றன.

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது ரப்பர் பெல்ட்டா, அதே வேலையைச் செய்யும் இரும்புச் செயினா என்று தெரிந்துகொள்ளுங்கள். மாடல் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஐ10 காரில் 1.1 லிட்டர் எஞ்சினுக்கு பெல்ட், 1.2 லிட்டர் கப்பா எஞ்சினுக்கு செயின். ஆல்டோ 800-க்கு பெல்ட், அதே ஆல்டோ கே10-க்கு செயின். பழைய இன்னோவா 2.5 டீசலுக்கு பெல்ட், கிரிஸ்டா 2.4-க்கு செயின். போலோவில் 1.5 டீசலுக்கும் 1.0 டர்போ பெட்ரோலுக்கும் பெல்ட், பழைய 1.2 மூன்று சிலிண்டர் பெட்ரோலுக்குச் செயின். ஸ்விஃப்டின் 1.3 டீசல் செயின்தான். அந்த வண்டிக்கு 'டைமிங் பெல்ட் மாற்றியது' என்று போட்ட பில்லை ஒருவர் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். அவருக்கு மாற்றியிருந்தது ஏசியையும் டைனமோவையும் சுற்றுகிற வெளி பெல்ட்.

பெல்ட் வண்டி என்றால் புத்தகத்தில் இரண்டு கணக்கு இருக்கும். இத்தனை கிலோமீட்டர், இல்லையென்றால் இத்தனை வருஷம், எது முந்துகிறதோ அது. எஞ்சினுக்கு எஞ்சின் இது மாறும். நம் ஆட்கள் கிலோமீட்டரை மட்டும் படித்துவிட்டு மூடிவைத்துவிடுவார்கள். ஓடினாலும் ஷெட்டில் நின்றாலும் ரப்பருக்கு வயசு ஏறத்தான் செய்யும். இன்னொன்று, இணையத்தில் கிடைக்கும் ஐரோப்பிய மேனுவலைப் பார்த்து "இதே எஞ்சினுக்கு அங்க இவ்வளவு கிலோமீட்டர் போட்டிருக்கானே" என்று வாதாட வருகிறார்கள். அங்கே வெயில் வேறு, புழுதி வேறு. உங்கள் வண்டியோடு வந்த இந்தியப் புத்தகத்தைப் பாருங்கள். அதிலும் 'கடினமான பயன்பாடு' என்று பொடி எழுத்தில் ஒரு பத்தி இருந்தால் அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். புழுதி, டிராஃபிக், அடிக்கடி குறைந்த தூர ஓட்டம் என்று எழுதியிருப்பார்கள். அப்படிப் பார்த்தால் திருச்சியில் ஓடும் பாதி வண்டி அந்தப் பத்திக்குள் வந்துவிடும்.

கிலோமீட்டர் ஏன் ஏமாற்றும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. நான்கு வழிச்சாலையில் சராசரி 60 வேகத்தில் ஓடும் வண்டி 60,000 கிலோமீட்டர் ஓட 1,000 மணி நேரம் ஆகும். ஊருக்குள் சராசரி 20 வேகத்தில் ஊரும் வண்டிக்கு அதே தூரத்துக்கு 3,000 மணி நேரம். இரண்டுக்கும் ஓடோமீட்டர் ஒரே எண்ணைக் காட்டும். இரண்டாவது வண்டியின் பெல்ட் மூன்று மடங்கு நேரம் சூட்டில் சுற்றியிருக்கிறது. ஏசி போட்டுக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் காத்திருக்கும் கால் டாக்ஸியில் கிலோமீட்டர் நகராது, பெல்ட் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஊருக்குள்ளேயே ஓடும் டீசல் வண்டி என்றால் புத்தகம் சொல்லும் கிலோமீட்டரில் முக்கால்வாசியிலேயே மாற்றிவிடச் சொல்வது என் பழக்கம். இது என் கணக்கு, புத்தகத்தில் இருக்காது.

பழைய கார் விற்கும் கன்சல்டிங்கில் வாங்கிய வண்டி என்றால் எனக்கு யோசனையே கிடையாது. "எல்லாம் மாத்தியாச்சு சார்" என்பார்கள். பில் எங்கே? பெல்ட் கிட் (பெல்ட்டும் அதோடு மாற்றும் சாமானும் சேர்ந்த செட்) என்று எழுதி, தேதியும் கிலோமீட்டரும் போட்ட பில் இருந்தால் நம்புகிறேன். இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்வேன். ஓடோமீட்டரில் இருக்கும் எண்ணை யார் எங்கே குறைத்தார்களோ தெரியாது. பழைய இன்னோவாவில் பெல்ட் மாற்றும் நேரம் வந்தால் மீட்டரில் 'டி-பெல்ட்' என்று விளக்கு எரியும். அதை ரீசெட் செய்தால் அணைந்துவிடும், அதற்கு பெல்ட்டை மாற்றியிருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. அதனால் விளக்கு எரியாததும் ஒரு சாட்சியாகாது.

வருஷமே ஆகாவிட்டாலும் உடனே மாற்ற வேண்டிய சந்தர்ப்பம் உண்டு. ஆயில் வெளியே வராமல் தடுக்கும் கிராங்க் சீலோ கேம் சீலோ கசிந்து பெல்ட்டில் ஆயில் பட்டிருந்தால், வாட்டர் பம்ப் ஒழுகி கூலன்ட் பட்டிருந்தால், துடைத்துவிட்டு ஓட்டக்கூடாது. கசிவை நிறுத்தி பெல்ட்டையும் மாற்ற வேண்டும். வெளி பெல்ட் பிய்ந்து அதன் நூல் டைமிங் கவருக்குள் புகுந்து பெல்ட்டை நழுவவைத்த வண்டியும் பார்த்திருக்கிறேன். அதனால் வெளி பெல்ட்டை அலட்சியமாக நினைக்காதீர்கள். சில புது எஞ்சின்களில் பெல்ட்டே ஆயிலுக்குள் ஊறியபடி ஓடுகிறது. அங்கே புத்தகத்தில் சொன்ன ஆயிலைத் தவிர வேறு எதையாவது ஊற்றினால் பெல்ட் கரைந்து, துகள் ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரை அடைக்கலாம். ஆயில் விஷயத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாத வண்டி அது.

மாற்றும்போது பெல்ட்டை மட்டும் மாற்றச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. டென்ஷனரும், பெல்ட்டுக்கு வழிகாட்டும் உருளையான ஐட்லரும் அந்த பெல்ட்டோடு சேர்ந்து அதே தூரம் சுற்றியவை. அதில் ஒன்று இறுகினால் புது பெல்ட்டும் போகும். வாட்டர் பம்ப்பை இதே பெல்ட் சுற்றும் எஞ்சின் என்றால் அதையும் சேர்த்தே மாற்றுங்கள். பம்ப் தனியாக ஒழுகினால் இதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டிவரும். ஹெட் இறக்கும் நிலைக்குப் போனால், என் ஒர்க்‌ஷாப் கணக்கில் கிட் செலவைப் போல மூன்றிலிருந்து ஐந்து மடங்கு ஆகிறது. பாதி விலைக்குக் கிடைக்கும் கிட்டைப் பற்றி ஒரே பேச்சு: பில் தராத கடையில் வாங்காதீர்கள்.

முடிந்தால் வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். பழைய பெல்ட் இருந்த இடத்தில் வைட்னரால் கோடு போட்டுக் கோடு சேர்க்கிறாரா, கேமும் கிராங்கும் அசையாமல் பூட்டும், அந்த எஞ்சினுக்கான லாக் பின் போட்டுச் செய்கிறாரா என்று பாருங்கள். கோடு மட்டும் போட்டுச் செய்தால் பழைய தவறு ஏதாவது இருந்தால் அதுவும் அப்படியே தொடரும். பெல்ட் மாட்டியதும் செல்ஃப் அடிக்கக்கூடாது. சாக்கெட் போட்டு கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, மார்க் பழைய இடத்துக்கு வருகிறதா என்று பார்த்த பிறகுதான் சாவியைத் தொட வேண்டும். கடைசியாக, தேதியும் கிலோமீட்டரும் எழுதிய ஸ்டிக்கரை பானெட்டுக்கு அடியில் ஒட்டச் சொல்லுங்கள். பழைய பெல்ட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இதை எல்லாம் மீறி வழியில் ஓடிக்கொண்டிருந்த வண்டி சட்டென்று செத்து, செல்ஃப் அடித்தால் காலியாகச் சுற்றுகிறது என்றால், அந்த ஒரு தடவையோடு நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு செல்ஃபும் தப்பிய வால்வையும் வளைக்கலாம். நாலு பேர் இறங்கி, கியரில் போட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் அதே கதைதான். ஓரம் கட்டி, ஹசார்ட் விளக்கைப் போட்டுவிட்டு, ஆட்களை ரோட்டை விட்டுத் தள்ளி நிற்க வையுங்கள். ரெக்கவரி வண்டிக்காரர் வந்ததும், "கயிறு கட்டி இழுத்து செகண்ட் கியர்ல விட்டுப் பார்ப்போமா சார்?" என்று நல்ல மனசோடு கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். மேலே ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும்.