பழைய பில் நிரலும் 40 என்ற பைட்டும்

ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாகன உதிரிபாகக் கடை வைத்திருக்கும் என் சித்தப்பா, விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸ் காலத்தில் ஒருவர் எழுதிக்கொடுத்த பில் போடும் நிரலைத்தான் அண்மைக்காலம் வரை பயன்படுத்திவந்தார். பழைய கணினி பழுதானதும் ரிச்சி தெருவில் புதியது ஒன்றை வாங்கி, அந்த நிரலை அதில் நகலெடுத்துத் திறந்தால், இந்தக் கணினியில் இது இயங்காது என்ற அறிவிப்பு மட்டுமே வந்தது. கோப்பில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. கணினியின் மூளையான செயலியோ (பிராசஸர்) பழையதைவிடப் பல மடங்கு வேகமானது.

செயலியைப் பொறுத்தவரை நிரல் என்பது எண்களின் வரிசைதான். எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதைச் செயலியை வடிவமைத்தவர்கள் வகுத்திருக்கிறார்கள். 1978-இல் இன்டெல் வெளியிட்ட 8086 செயலியில், பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண்முறையில் 40 என்று எழுதப்படும் பைட் (0, 1 ஆகிய பிட்டுகள் எட்டு சேர்ந்த எண்) வந்தால், ‘ஏஎக்ஸ் என்ற பதிவகத்தில் உள்ள எண்ணுடன் ஒன்றைக் கூட்டு’ என்று பொருள். பதிவகம் என்பது கணக்கிடும் எண்ணைச் செயலி தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் சிறு இடம். 1985-இல் வந்த 80386, பதிவகங்களை 32 பிட்டாக விரித்தபோதும் 40 கூட்டல் கட்டளையாகவே நீடித்தது. டாஸ் நிரலின் முன் தன்னை ஒரு 8086 போலவே காட்டிக்கொள்ளும் முறை ஒன்றும் அதில் இருந்தது. சித்தப்பாவின் பழைய கணினியில் 32 பிட் விண்டோஸ் அந்த முறையில்தான் பில் நிரலை ஓட்டிக்கொண்டிருந்தது.

2003-இல் ஏஎம்டி நிறுவனம் 64 பிட் ஆப்டெரான் செயலியைக் கொண்டுவந்தபோது, பொதுப் பதிவகங்கள் 8-இலிருந்து 16 ஆயின. புதிய பதிவகங்களைச் சுட்டக் கட்டளையில் இடம் வேண்டும். ஆனால் ஒற்றை பைட் எண்கள் ஏறக்குறைய எல்லாமே முன்பே பயன்பாட்டில் இருந்தன. ஒன்றைக் கூட்டவும் கழிக்கவும் இரண்டு பைட் வடிவமும் இருந்ததால், 40-இல் தொடங்கும் 16 எண்களைப் பிடுங்கி, அடுத்து வரும் கட்டளையின் அளவையும் பதிவகத்தையும் குறிக்கும் முன்னொட்டாக்கினார்கள். துணிச்சலான முடிவு, சரியான முடிவும்கூட என்பேன். 2001-இல் முற்றிலும் புதிய கட்டளைமொழியோடு வந்த இன்டெலின் இட்டானியம் பழைய நிரல்களை மெதுவாகவே ஓட்டியது. இன்டெலே 2004-இல் ஏஎம்டியின் வழிக்கு வந்தது.

32 பிட் நிரல்கள் மட்டும் இன்றும் ஓடுவது எப்படி? நினைவகத்தில் நிரல் இருக்கும் பகுதியின் விவரக்குறிப்பில், அது எந்த வகை என்பதை இயங்குதளம் ஒரு பிட்டில் குறித்துவைக்கிறது. அதைப் பார்த்துச் செயலி 40-ஐப் பழைய பொருளில் படிக்கிறது. 8086 போல நடிக்கும் முறையோ, புதிய கணினியின் விண்டோஸ் இயங்கும் 64 பிட் நிலையில் கிடையாது. இத்தனைக்கும் கடையில் கணினியை இயக்கிய முதல் கணத்தில் அதே செயலி 8086-இன் முறையில்தான் கண்விழிக்கிறது. விண்டோஸ் வருவதற்குள் அதைக் கடந்துவிடுகிறது.

கைபேசிகளில் பரவலாக உள்ள, கட்டளைமொழியே வேறான ஆர்ம் செயலிக்கு மாறினால் சிக்கல் இன்னும் ஆழமானது. 2020-இல் ஆப்பிள் கொண்டுவந்த ரொசெட்டா 2, இன்டெல் நிரலைப் பெரும்பாலும் முன்கூட்டியே ஆர்ம் கட்டளைகளாக மொழிபெயர்க்கிறது. ஆனால் சொற்களை மாற்றினால் மட்டும் போதாது. இன்டெல் செயலியில் ஒரு கோர் (செயலிக்குள் தனித்துக் கணக்கிடும் பகுதி) நினைவகத்தில் எழுதும் வரிசையிலேயே மற்ற கோர்களுக்கும் அது தெரியும். ஆர்ம் அந்த உறுதியைத் தருவதில்லை. ஆகவே ஆப்பிள், அந்த வரிசையைக் காக்கும் தனி நிலையைத் தன் சில்லிலேயே அமைத்தது.

ஐஐடி மெட்ராஸில் உருவான சக்தி செயலிகள் பேசுவது ரிஸ்க்-வி என்ற வேறொரு மொழி. மனிதர் எழுதிய வடிவமான மூலநிரல் கையில் இருந்தால், பெரும்பாலான நிரல்களை அதற்கெனக் கம்பைல் செய்துகொள்ளலாம், அதாவது அந்தச் செயலியின் எண்களாக மாற்றிக்கொள்ளலாம். சித்தப்பாவிடம் இருந்ததோ இயங்குகோப்பு மட்டும். எழுதியவர் எங்கே என்று தெரியவில்லை.

கடைசியில், பழைய டாஸ் கணினியைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள் கைகொடுத்தது. அது 8086-இன் பதிவகங்களை நினைவகத்தில் வெறும் மாறிகளாக வைத்துக்கொண்டு, பில் நிரலின் பைட்டுகளை ஒவ்வொன்றாகப் படிக்கிறது. 40 வந்தால் ஏஎக்ஸ் என்ற மாறியில் ஒன்றைக் கூட்டுகிறது. ஒரு பழைய கட்டளைக்குப் பல புதிய கட்டளைகள் செலவானாலும், இன்றைய வேகத்தில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. கருந்திரையில் பழைய மெனு வந்ததும், சித்தப்பா மவுஸைத் தொடாமல், விரல் பழகிய எஃப்2 விசையைத் தட்டி ஒரு கிளட்ச் பிளேட்டுக்குப் பில் போட்டார்.