கராஜில் தோட்டா செய்கிறவரின் ரத்தத்தில் ஈயம்

டெக்ஸஸில் குடும்ப மருத்துவராக இருக்கிறேன். ஐம்பது வயது தாண்டிய ஒருவர், கணக்கர் வேலை, ரத்த அழுத்தம் இரண்டு மாத்திரைக்கும் மசியவில்லை. கூடவே மலச்சிக்கல், ஓயாத அசதி, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார் என்று மனைவியின் புகார். நான் பாட்டுக்கு மூன்றாவது மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டேன். என்ன வேலை என்று முதல் நாளே கேட்டவன், வேலை முடிந்து வீட்டில் என்ன செய்வீர்கள் என்று கேட்க எட்டு மாதம் ஆனது.

"கராஜில் தோட்டா செய்வேன்" என்றார்.

சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, புது பிரைமர் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி), வெடிமருந்து, குண்டு வைத்து மறுபடி அடைப்பதுதான் ரீலோடிங். அமெரிக்காவில் நிறையப் பேருக்கு இது பொழுதுபோக்கு. இவருடையது பாயிண்ட் 38 சூப்பர், கோல்ட் துப்பாக்கி நிறுவனம் 1929இல் கொண்டுவந்த தோட்டா ரகம். 9 எம்எம் தோட்டா மூலைக்கு மூலை கிடைக்கும், இது அப்படி இல்லை, கிடைத்தாலும் விலை அதிகம். அதனால் காலிக் கூடு ஒன்றையும் விடமாட்டார். சுடுதளத்தில் குனிந்து குனிந்து பொறுக்கி, ஒரே கூட்டைப் பல முறை நிரப்புவார். பிரச்சினையே அங்கேதான்.

ரீலோடிங் என்றதும் எல்லோரும் பயப்படுவது வெடிமருந்து கூடிப்போய்த் துப்பாக்கி கையிலேயே வெடிப்பதற்குத்தான். இவர் அதில் எமகாதகர், மருந்தைத் தராசில் நிறுக்காமல் போடமாட்டார். ஆனால் பெரும்பாலான பிரைமர்களில் லெட் ஸ்டிஃப்னேட் என்ற ஈயச் சேர்மம் இருக்கிறது, சுட்டதும் அதன் கரி கூட்டுக்குள் படிந்துவிடும். (நம் வீட்டு ரசச் சொம்பு ஈயம் வேறு, அது வெள்ளீயம். இது காரீயம், நஞ்சு.) அந்தக் கூடுகளை மக்காச்சோளத் தக்கைத் தூளோடு டம்ளர் எந்திரத்தில் மணிக்கணக்கில் உருட்டி, அப்புறம் சல்லடையில் கொட்டிச் சலிக்கும்போது ஒரு புகை மாதிரி எழும்புமே, அதுதான் ஈயத்தூசி. சலித்த கையோடு காப்பி குடிப்பாராம்.

ரத்தத்தைப் பரிசோதித்தால் ஈயம் டெசிலிட்டருக்கு 34 மைக்ரோகிராம். 3.5ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். குண்டை வாங்கித்தான் போடுகிறேன், ஈயத்தை உருக்குவதே இல்லையே என்று வாதாடினார். உருக்க வேண்டியதில்லை, சலித்தாலே போதும்.

அந்த டம்ளர் எந்திரத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றேன். துணி துவைக்கும் எந்திரத்துக்குப் பக்கத்தில், சத்தம் வெளியே கேட்காதாம். வாரக் கடைசியில் பேரன் வந்து அந்தத் தரையில்தான் தவழ்வான் என்று மனைவி சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. விழுங்கிய ஈயத்தில் பெரியவர் உடம்பு ஏற்பதைவிடக் குழந்தை உடம்பு பல மடங்கு ஏற்கும், மூளையைத்தான் தாக்கும். பையன் ரத்தத்தில் ஈயம் 9 இருந்தது.

விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை, சொன்னால் இன்னொரு மருத்துவரிடம் போயிருப்பார். கூடுகளைத் தண்ணீரில் ஸ்டீல் ஊசிகளோடு உருட்டினால் தூசி பறக்காது, ஆனால் அந்தக் கறுப்புத் தண்ணீரிலும் ஈயம் உண்டு, சமையலறைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. மேசையைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். சாதாரண வீட்டு வாக்குவம் தூசியைத் திரும்பக் காற்றில்தான் ஊதும். அந்த வேலைக்குத் தனிச் சட்டை, தனிச் செருப்பு, தனியாகத் துவைப்பு. கை கழுவாமல் வாயில் எதுவும் வைக்கக் கூடாது. ரத்தத்தில் இருக்கும் ஈயம் சில மாதங்களில் குறையும், எலும்பில் இறங்கியது பல ஆண்டுகள் கிடக்கும். அதனால் எண் இறங்கிவிட்டது என்று பரிசோதனையை நிறுத்தவும் கூடாது.

நாலு மாதத்தில் அவருக்கு 19, பேரனுக்கு 5. மூன்றாவது மாத்திரையை நிறுத்திவிட்டேன். கராஜ் கதவுக்கு இப்போது தாழ்ப்பாள் இருக்கிறது, பையன் கைக்கு எட்டாத உயரத்தில், மனைவி போட்டது.